மூன்று ஷிஃப்டில் நடந்த பல்கலைக்கழகம்

1

சென்ற சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனேன். ஜெனிக்குப் பதினைந்து வயது. கல்லூரிக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. ஆனாலும் அவள் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோருடன் ஒருமுறை வளாகத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மனைவி ஸ்டெல்லாவுக்கு மருத்துவமனையில் பகல் பணி. நான் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அயர்லாந்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. லிமரிக் நகரில் நான் பகல் வெளிச்சத்தில் பார்த்த இடங்கள் குறைவு.

எங்களைச் சுற்றிக் காட்டிய மாணவி பின்புறமாக நடந்துகொண்டே பேசினாள். எங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், வழியும் தப்பக் கூடாது. பயிற்சி கொடுத்திருப்பார்கள். ஆற்றின் மேல் நடைபாலம், நூலகம், நீச்சல்குளம், மாணவர்களே நடத்தும் வானொலி. ஒவ்வொன்றின் முன்னும் நின்று அது எப்போது கட்டப்பட்டது, யார் பெயரால் அழைக்கப்படுகிறது என்று சொன்னாள். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கால் வலித்தது.

கடைசியில் ஓர் அரங்கில் உட்கார வைத்தார்கள். ஒரு பேராசிரியர் வந்து, இங்கே படிப்பது எப்படி என்று சுருக்கமாகப் பேசினார். சேர்ந்து படிக்கலாம், சேர்ந்து எழுதக் கூடாது என்றார். அப்படிச் செய்தால் அதற்குக் 'கொலூஷன்' என்று பெயர், பட்டமே போய்விடும். எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். "இரண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் நாங்கள் கண்டுகொள்வதில்லை. இரண்டு பேர் ஒரே தவறான விடையை எழுதினால் இருவரையும் அறைக்குக் கூப்பிடுவோம்" என்றார். அரங்கம் சிரித்தது. ஜெனியும் சிரித்தாள்.

காரில் திரும்பும்போது அவள் கேட்டாள்.

"அப்பா, ஊர்ல நீங்க சண்டே சண்டே டீச் பண்ணீங்கல்ல, அந்த யுனிவர்சிட்டி காம்பஸ் எப்டி இருக்கும்?"

"மாதா கோயில் ஹால்."

"சர்ச் ஹாலா? இங்க ஓல்ட் பீப்பிள் சேர்ந்து பிங்கோ ஆடுவாங்களே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அன்று மீதியைச் சொல்லவில்லை.

2

2006-ல் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரச் செய்தியாளர். நிலம் எடுப்பு, கம்பெனி திறப்பு, நெடுஞ்சாலை விபத்து, ஏரி உடைப்பு என்று மாறிமாறி எழுதிக்கொண்டிருந்த காலம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்காக ஒரகடத்தில் தனி வளாகம் அமைக்கப்போவதாக அறிவித்தது. அடிக்கல் நாட்டு விழாவுக்கு நான்தான் போனேன். ஏரிக்கரையோரம் பந்தல், செங்கல் மேடையில் பதித்த கறுப்புக் கல்வெட்டு, பக்கத்தில் 'பல்கலைக்கழக வளாகம் அமையவுள்ள இடம்' என்ற பலகை. விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்தார்கள். பலகையும் கல்வெட்டும் நின்றன.

கட்டடம் வரும்வரை வகுப்பு நடத்த இடம் தேடினார்கள். ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே உள்ள எங்கள் கிராமத்தில், மாதா கோயிலை ஒட்டி ஒரு சமூகக்கூடம் உண்டு. பங்குச் சாமியார் அதைக் கொடுக்கச் சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள் போட்டார். முதல் பூசை முடிந்த பிறகுதான் வகுப்பு. கல்யாணம் உள்ள நாளில் வகுப்பு கிடையாது.

இரண்டாவது நிபந்தனைதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்வியாண்டை முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் கூடத்தில் ஏதாவது ஒரு கல்யாணம் இருக்கும். எங்கள் சபையில் தவக்காலத்தில் மட்டும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரையிலான ஞாயிறுகளில்தான் பெரும்பாலான வகுப்புகள் நடந்தன. தலைமையகம் ஜூலையில் கல்வியாண்டு தொடங்குவதாகச் சுற்றறிக்கை அனுப்பும். எங்களுக்கு அது நெற்றியில் சாம்பல் பூசிய வாரத்தில் தொடங்கும். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, இதென்ன அட்டவணை என்று கேட்டார். சாமியார் விளக்கினார். அவர் 'உள்ளூர்ச் சூழல் காரணமாக' என்று எழுதிக்கொண்டு போனார்.

கூடத்தில் ஒரு மேடை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வரைந்த பெத்லகேம் மலைத் துணி ஆண்டு முழுக்க அதன் பின்னால் தொங்கும். கரும்பலகையை அந்த மலைமேல் சாய்த்து வைப்போம். நான் அரசியல் படித்து முதுகலை வாங்கியிருந்தேன், அதே ஊர்க்காரன், ஞாயிறு ஓய்வாக இருப்பவன். இந்திய அரசியலமைப்புப் பாடத்தை என்னிடம் கொடுத்தார்கள்.

ஏரிக்கரை நிலத்தைப் பற்றி அதன்பிறகு இரண்டு செய்திகள் எழுதினேன். அந்த இடம் உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது என்பது ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு மாற்று இடம் பரிசீலனையில் உள்ளது என்பது மற்றொன்று. முதல் செய்தி மூன்று பத்தி வந்தது. இரண்டாவது நான்கு வரி.

3

மாணவர்கள் எல்லோரும் தொழிற்சாலைப் பிள்ளைகள். பாதிப் பேர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கியவர்கள். மீதிப் பேர் சுற்றுக் கிராமத்தவர்கள். எல்லோருக்கும் மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஒருமுறை மாறும். அதனால் எந்த ஞாயிறும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆள் வராது. முதல் ஆண்டு ஒரே பாடத்தை மூன்று ஞாயிறு நடத்திப் பார்த்தேன். ஈஸ்டர் வந்துவிட்டது, பாடம் முடியவில்லை.

வழி கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் எந்திரத்தை ஒப்படைக்க வேண்டும். அதை 'ஹேண்ட் ஓவர்' என்பார்கள். எது ஓடியது, எங்கே நின்றது, எதைக் கவனிக்க வேண்டும் என்று மூன்று விஷயங்கள். வளவளவென்று பேசக் கூடாது. கேட்டதைக் கேட்டபடியே அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். இது தனக்கு யார் சொன்னது என்று பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுது வந்தால் அது எங்கே தொடங்கியது என்று தேட அந்தப் பெயர் தேவை. இதே முறையில் பாடத்தையும் ஒப்படைக்கத் தொடங்கினார்கள். ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்தவர்கள், வாரநாளில் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மற்ற ஷிஃப்ட்காரர்களிடம் சொல்வார்கள். பஸ்ஸுக்குள்ளும் அது தொடரும்.

ஒருநாள் மதியம் வேறு செய்திக்காகப் போனவன் பக்கத்தில் நின்று கேட்டேன். பேச்சியம்மாள் சொல்ல, ஆரோக்கியராஜ் கேட்டுக்கொண்டிருந்தான். பேச்சிக்குச் சங்கரன்கோவில் பக்கம். வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு பின்னும் கம்பெனியில் ட்ரெய்னி. ஆரோக்கியராஜ் எங்கள் ஊர்ப் பையன், இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்.

"பண மசோதாவ மக்களவைலதான் கொண்டுவரணும். மேல்சபைக்கு வந்தா பதினாலு நாளுக்குள்ள திருப்பி அனுப்பிரணும்."

"அனுப்பாம வெச்சிக்கினா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. பாஸாயிட்டுன்னு அர்த்தம்."

"அப்ப எங்க குவாலிட்டி இன்ஸ்பெக்டர் மாறி. அவரு கையெழுத்துப் போட்டாலும் வண்டி போவும், போடாங்காட்டியும் போவும்."

"சிரிக்காதல, இது அஞ்சு மார்க்கு. ரிப்போர்ட்டர் சார் சொன்னாரு, நான் கேட்டேன். நீ அடுத்தாளுக்குச் சொல்லும்போது என் பேரச் சொல்லணும்."

"சொல்றேன்கா. தப்பாப் போனா உன் பேரு, மார்க் வந்தா என் பேரு."

பேச்சிக்கு இந்தப் படிப்பு பொழுதுபோக்குக்கு இல்லை. ட்ரெய்னிகளை மூன்று ஆண்டுதான் வைத்திருப்பார்கள். பிறகு கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் புதிய ஆட்களை எடுப்பார்கள். அவளுடைய மூன்று ஆண்டு 2009 ஜூனில் முடிகிறது. ஸ்டோர்ஸ் அலுவலகத்தில் ஓர் இடம் இருந்தது. அங்கிருந்த பொறுப்பாளருக்கு அவள் வேலை பிடிக்கும். ஜூனுக்குள் பட்டம் கையில் இருந்தால் உன் பெயரைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் அவளுக்கு இருந்த வேலை தீப்பெட்டி ஆபீஸ்தான், தீப்பெட்டித் தொழிற்சாலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"அங்கன போனா மறுபடி குச்சி அடுக்கணும் சார். விரல் இப்பத்தான் நேராயிருக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

4

இங்கே அயர்லாந்தில் ஆண்டுக்கு ஒருமுறை காவல் நிலையத்தில் போய் வெளிநாட்டவர் பதிவு அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு, மனைவியின் வேலைக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விடியும் முன்பே வரிசையில் நிற்போம். எங்கள் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் என்பது அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், ஸ்டெல்லாவுக்கு அவள் அப்பா பெயர், ஜெனிக்கு என் பெயர். நீங்கள் உண்மையிலேயே ஒரே குடும்பமா என்று ஒவ்வோர் ஆண்டும் மரியாதையாகக் கேட்கிறார்கள்.

இந்த ஆண்டு அந்த அதிகாரி, "பழைய அட்டையைக் கொண்டு வரவில்லையா?" என்று கேட்டார். 'யெஸ்' என்றேன், ஆமாம், கொண்டு வரவில்லை என்ற பொருளில். அவர் கையை நீட்டிக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஜெனி குறுக்கிட்டு, "அப்பா, நோ சொல்லணும்" என்றாள். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவள் பேசும் ஆங்கிலம் இந்த ஊர் ஆங்கிலம். எனக்கு அதில் பாதிதான் பிடிபடுகிறது.

கிடங்கில் பேச்சுக்கே வேலை இல்லை. தலையில் ஒரு கருவி மாட்டியிருப்போம். எந்த அடுக்கு, எத்தனை பெட்டி என்று ஒரு குரல் சொல்லும். எடுத்த பின் அடுக்கின் எண்ணைத் திருப்பிச் சொன்னால் அடுத்த உத்தரவு வரும். வேலை முடிந்தால் கருவியைக் கழற்றி மின்னேற்றியில் செருகிவிட்டுப் போகலாம். அடுத்து வருகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளில் யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைத்து நான் பார்க்கவில்லை.

5

2008 தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாநிலங்களவை பற்றிப் பாடம் நடத்தினேன். அது கலைக்கப்படாத அவை. உறுப்பினர்களின் காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் வெளியேற, அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருவார்கள். அன்று வகுப்பில் இருந்த பங்கில் பேச்சியும் ஒருத்தி.

மூன்று பங்கு, ஒரு பங்கு வெளியே போகும், ஒரு பங்கு உள்ளே வரும், அவை ஒருபோதும் நிற்காது. ஷிஃப்டில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இதைக் கேட்டதும் என்ன தோன்றுமோ அதுதான் பேச்சிக்குத் தோன்றியது. ஒரு நேரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கும். அப்படியே புரிந்துகொண்டாள், அப்படியே கூட்டுரோட்டில் ஒப்படைத்தாள். வாய்க்கு வாய் போகும்போது திரிந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சொல்கூட மாறவில்லை. ஹேண்ட் ஓவரில் மாற்றிச் சொல்லும் பழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

டிசம்பரில் இறுதித் தேர்வு. மாநிலங்களவை ஒரு நிரந்தர அவை என்பதை விளக்குக என்று ஒரு கேள்வி. விடைத்தாள்கள் தலைமையகத்துக்குப் போயின. மார்ச்சில் முடிவுகள் வந்தபோது எங்கள் மையத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களுக்கு எதிரே 'நிறுத்திவைப்பு' என்று இருந்தது. ஏப்ரலில் விசாரணைக் குழு என்று மூன்று பேர் காரில் வந்தார்கள். தலைவர் வயதான பேராசிரியர், மெதுவாகப் பேசுகிறவர். கோயிலில் பூசை உடுப்புகள் வைக்கும் அறையை அவர்களுக்குத் திறந்துவிட்டார் சாமியார். பாடம் நடத்தியவன் என்பதால் என்னையும் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். தலைவர் ஒரு விடைத்தாளை எடுத்து வாசித்தார்.

"மாநிலங்களவை உறுப்பினர்கள் மூன்று செட்டாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். ஒரு செட் இரண்டு ஆண்டு அவையில் இருக்கும். அந்த நேரத்தில் மற்ற இரண்டு செட் ஊரில் இருக்கும். ஆள் மாறுமே தவிர அவை நிற்காது. ஆகவே இது நிரந்தர அவை ஆகும்."

தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாத் தாள்லயும் இதே நாலு வரி. நீங்க இப்படியா நடத்தினீங்க?"

நான் வகுப்பில் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். நான் சொன்னது யாருக்கும் உதவவில்லை.

முதலில் ஆரோக்கியராஜைக் கூப்பிட்டார்கள்.

"ஒருத்தர் தாளைப் பார்த்து எல்லாரும் எழுதியிருக்கீங்க. ஒத்துக்கிறீங்களா?"

"இன்னா சார் நீங்க. காப்பி அடிக்கறவன் தப்பப் பாத்தா அடிப்பான்? புக்கு வெளில பையில தான சார் இருந்துச்சு. அடிக்கணும்னா அத்தப் பாத்து கரெக்டா அடிச்சிருக்க மாட்டோமா?"

தலைவர் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான்கூட விஷயம் அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்போ ஒரே தப்பு எல்லாருக்கும் எப்படி வந்தது?"

"ஹேண்ட் ஓவர் சார்."

அவன் விளக்கினான். கூட்டுரோடு, கம்பெனி பஸ், எது ஓடியது, எங்கே நின்றது. தலைவர் கவனமாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு இதைச் சொன்னது யாரு?"

"பேச்சி அக்கா சார்" என்றான். முறைப்படி ஒப்படைப்பவன் பெயர் சொல்லும் அதே தோரணை. அவன் முகத்தில் தயக்கமே இல்லை.

ஒவ்வொருவராக வந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாரும் விழிக்கவில்லை, மழுப்பவில்லை. எனக்குச் செல்வம், செல்வத்துக்கு ஆரோக்கியராஜ், அவனுக்குப் பேச்சி. குழுவில் ஒருவர் வெள்ளைத்தாளில் பெயர்களை எழுதி அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லா அம்புகளும் ஒரே பெயரில் போய் முட்டி நின்றன. அவர்கள் காப்பியடிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தச் சான்றே பேச்சியையும் பிடித்துக் கொடுத்தது.

அவளைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். கம்பெனி சீருடையில் வந்து நின்றாள்.

"இந்த விடையை எல்லாருக்கும் கொடுத்தது நீதானாம்மா?"

"நான்தான் சார் சொன்னேன். பஸ் ஸ்டாப்புல. பரிச்சைக்கு ரொம்ப முன்னாடி, தவக்காலத்துல."

"எப்போங்கிறதை விடு. கொடுத்தது நீ."

"பாடம் சொல்லுதது தப்பா சார்?"

"தப்பில்லம்மா. ஆனா ஒரே மாதிரி முப்பது தாள் இருக்கு. நான் போய் என்னத்தை எழுதுறது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் களைப்பாக இருந்தது. "மாநிலங்களவையில எல்லாரும் ஒரே நேரத்துலதான் உட்காருவாங்க. அதாவது தெரியுமா உனக்கு?"

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அத்தன பேருமா சார்?" என்றாள். "ஒரே ஷிஃப்ட்லயா?"

யாரும் சிரிக்கவில்லை.

மே மாதம் உத்தரவு வந்தது. மற்ற எல்லோருக்கும் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. முடிவுகள் வெளியிடப்பட்டன, ஏறக்குறைய எல்லோரும் தேறினார்கள். பேச்சியம்மாளுக்கு மட்டும் விடையைப் பரப்பிய காரணத்தால் அந்தத் தாள் ரத்து. இரண்டு ஆண்டுகள் தேர்வெழுதத் தடை. மாணவர்கள் தமக்குள் விடைகளைப் பரிமாறிக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவிப்பைக் கூடத்தின் கதவில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒட்டினேன்.

ஆரோக்கியராஜ் அன்று கூட்டுரோட்டில் அவள் பஸ் வரும்வரை நின்றான். நானும் இருந்தேன்.

"எனுக்குத் தெரியாமப் பூட்ச்சிக்கா. உன் பேர சொல்லாம வுட்டிருக்கலாம்."

"வேற யாரு பேரச் சொல்லுவ?"

"எவன் பேராவது. கம்பெனிய வுட்டுப் போனவன் எவனாவது."

"பேரச் சொல்லுன்னு சொன்னது நான்லா" என்றாள் பேச்சி. "போல, உன் பஸ்ஸு வந்துட்டு."

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஜூன் கடைசிவரை அந்த இடத்தை நிரப்பாமல் வைத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் பாடம் கேட்டுத் தேறிய இன்னொரு பெண்ணை எடுத்துக்கொண்டார். பேச்சி ஊருக்குப் போனாள். அடுத்த தவக்காலத்தில் கூட்டுரோட்டில் யாரும் பாடம் பேசவில்லை. வகுப்புக்கு வர முடியாதவர்கள் கைடு வாங்கித் தனித்தனியாகப் படித்தார்கள். நிறையப் பேர் பாதியில் நின்றார்கள்.

6

வளாகம் பார்த்து வந்த மறுநாள் ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் ஜெனியிடம் சொன்னேன். ஸ்டெல்லாவுக்கு இந்தக் கதை தெரியும், அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஜெனி செல்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். அதுவே பெரிய மரியாதை. முடிந்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"பாவம்தான். பட், அவங்க ஷேர் பண்ணாங்கல்ல அப்பா? ரூல்னா ரூல் தானே?"

"ரூல் தான்."

"எல்லாரும் அவங்கவங்க புக் பார்த்துத் தனியா படிச்சிருக்கலாமே?"

"படிச்சிருக்கலாம்" என்றேன். இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஆறு பேர் அறையில், மூன்று பேர் தூங்கும்போது விளக்குப் போட முடியாமல் எப்படிப் படிப்பது என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் சொன்னதும் பொய் இல்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பேச்சியை நான் கடைசியாகப் பார்த்தது 2011 ஜூனில். எங்கள் விசா வந்துவிட்டது, பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். மையத்தையும் மூடப்போகிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து வாலாஜாபாத் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நடக்கும் என்று சொன்னார்கள். மாதா கோயில் கூடத்தில் அதுதான் கடைசித் தேர்வு, நான்தான் கண்காணிப்பாளர். இரண்டு ஆண்டுத் தடை முடிந்து அந்த ஒரு தாளை எழுதுவதற்காகச் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் கேட்டு லீவு வாங்கி வந்ததாகச் சொன்னாள்.

"இனிமே டிகிரி வந்தா என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"தெரியல சார். பாதில நிக்குது, முடிச்சிப் போடுவோம்னு வந்தேன்."

ஆரோக்கியராஜ் அவளைப் பஸ் நிலையத்திலிருந்து பைக்கில் அழைத்து வந்திருந்தான். அவனை இப்போது நிரந்தரம் செய்துவிட்டார்கள். பட்டத்தால் ஏதாவது பயன் உண்டா என்று விசாரித்தேன். "வூட்டு செவுத்துல ஜோராக் கீது சார். ஃபோர்க்லிஃப்ட் அதே ஃபோர்க்லிஃப்ட்தான்" என்றான்.

கேள்வித்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்தாவது கேள்வி மாநிலங்களவை. சொற்கள் கொஞ்சம் வேறு, கேட்டது அதேதான். ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே அவள் பெஞ்சுக்கு வந்தேன். அவள் வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். பிறகு எழுதத் தொடங்கியவள் மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை. இரண்டு முறை கூடுதல் தாள் வாங்கினாள்.

தாள்களைக் கட்டி முத்திரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். இருவரும் கோயில் வேப்பமரத்தடியில் பைக் பக்கத்தில் நின்றார்கள்.

"இன்னாக்கா, எப்டி?" என்று ஆரோக்கியராஜ் கேட்டான்.

"பாஸாயிருவேன்."

"ராஜ்யசபா வந்துச்சாமே. உனுக்கு அது தூக்கத்துல கேட்டாலும் வருமே. பிச்சு ஒதறி இருப்ப."

"எழுதல. சாய்ஸ்ல விட்டுட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவளைப் பார்த்தேன்.

"ஏன்கா? கரெக்ட் ஆன்சர் தெரியும்ல உனுக்கு?"

"தெரியும்" என்றாள் பேச்சி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினாள். "இப்ப எல்லாருக்கும் தெரியும்லா. எல்லாரும் ஒண்ணுபோலத்தான எழுதுவாங்க."